அறுபது விநாடி

1

எண்ணி முடித்துவிட்டு மகள் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். ராக்கெட் மேடையிலேயே நின்றது.

டென்வருக்கு வெளியே ஒரு பெரிய மைதானம். ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை காலை. வேலைக்காக அந்த ஊரில் இருந்த இரண்டு வருடங்களில் நானும் அவளும் சேர்ந்து செய்த முதல் ராக்கெட் அது. அட்டைக்குழாய் உடம்பு, பால்சா மர இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு. ஓர் அடிக்குச் சற்று அதிகமான நீளம். எடை ஒரு கைப்பிடி பொரிகடலை அளவுகூட இருக்காது. அதைச் செய்ய எங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது. பசை காயக் காத்திருந்ததுதான் பாதி நேரம்.

"என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வரேம்மா" என்று அவள் மேடையைப் பார்க்க ஓடினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். பலமாகவே இழுத்துவிட்டேன் போல. "வலிக்குதும்மா" என்று என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டிக்குள் வந்த காகிதத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. ராக்கெட் கிளம்பவில்லை என்றால், கையில் இருக்கும் கருவியின் சாவியை முதலில் உருவிவிட வேண்டும். பிறகு 60 விநாடி காத்திருக்க வேண்டும். அதுவரை யாரும் கிட்டே போகக்கூடாது. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அவளையே எண்ணச் சொன்னேன். சலிப்போடு ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தாள்.

அந்த 60 விநாடியை யார் யோசித்தார்கள், ஏன் யோசித்தார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். ஒரு விளையாட்டுச் சாமானின் சரித்திரம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் அதற்குள் இருந்தது.

2

1991 தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். கோவில்பட்டி. எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் மாத்திரை ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் வெடிமருந்து வந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸ்கள் ஊருக்குள்ளேயே இருந்தன. சிவகாசி பஸ்ஸில் ஏறினால் போய்விடும் தூரம்.

பெரியப்பா மகன் அப்போது பத்தாம் வகுப்பு. எனக்கு ஒன்பது வயது. 1989இல் அக்னி ஏவுகணை பறந்ததிலிருந்து அண்ணனுக்கு ராக்கெட் பைத்தியம். செய்தித்தாளில் வந்த படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். ராக்கெட்டுக்கு ஏன் காற்று தேவையில்லை, நெருப்பு கீழே போனால் உடம்பு ஏன் மேலே போகிறது என்றெல்லாம் எனக்குப் பாடம் எடுப்பான். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் அவன் பின்னாலேயே சுற்றுவேன்.

தீபாவளிக்கு வெடிக்காமல் போன வெடிகளைப் பொறுக்கி, மருந்தைச் சேர்த்து, ஒரு இரும்புக் குழாய்க்குள் அடைத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காட்டு ஓரம் வைத்துத் திரியைக் கொளுத்தினான். "ஏட்டி, தள்ளி நில்லு" என்று என்னை விரட்டிவிட்டு அவனும் ஓடி வந்தான். திரி புஸ்ஸென்று எரிந்தது. குழாய் வாயருகே போனதும் நின்றுவிட்டது. கொஞ்சம் புகை. பிறகு அதுவும் இல்லை.

"அணைஞ்சிருச்சுண்ணே" என்றேன்.

அவன் போய்க் குனிந்து பார்த்தான்.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு. கண் தப்பியதே குலதெய்வம் புண்ணியம் என்று பெரியம்மா இன்றும் சொல்வாள். அவன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பெரியப்பா அவனுடைய நோட்டு, அறிவியல் புத்தகங்கள், படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். திரும்பி வந்த அண்ணன் ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்தான். இப்போதும் அதுதான்.

"அணைஞ்சிருச்சு" என்று நான் சொன்னதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் சொல்லவில்லை.

3

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. 83.6 கிலோ எடை, வானொலியில் ஒரு 'பீப்' சத்தம், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கா ஆடிப்போனது. அரசாங்கம் பயந்தது. பையன்களோ பயப்படவில்லை, உற்சாகமானார்கள். ஊர் ஊராகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் ராக்கெட் செய்ய இறங்கினார்கள்.

இவர்களில் நமக்குத் தெரிந்த முகம் ஹோமர் ஹிக்கம். மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்தவர். 1998இல் அவர் எழுதிய 'ராக்கெட் பாய்ஸ்' என்ற நினைவுக்குறிப்புதான் அடுத்த ஆண்டு 'அக்டோபர் ஸ்கை' என்று படமாக வந்தது. படம் பார்த்தவர்களுக்கு முதல் ராக்கெட் ஞாபகம் இருக்கும். அது மேலே போகவில்லை, அம்மாவின் தோட்டத்து வேலியைத்தான் பெயர்த்தது. படத்தில் அது சிரிப்புக் காட்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலி இருந்த இடத்தில் ஒரு பையன் குனிந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் யோசிக்கத் தோன்றியது.

ஹிக்கமுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பெரியவர்களின் துணை கிடைத்தது. சுரங்கத்துப் பட்டறைத் தொழிலாளிகள் குழாயும் முனையும் கடைந்து கொடுத்தார்கள். ஃப்ரீடா ரைலி என்ற ஆசிரியை ஏவுகணை வடிவமைப்புப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1960இல் ஹிக்கம் தேசிய அறிவியல் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார். பின்னாளில் நாசா பொறியாளர் ஆனார். சரி, இந்தத் துணையெல்லாம் கிடைக்காத பையன்கள்? உலோகக் குழாய், வீட்டில் கலக்கிய மருந்து, தீக்குச்சி. என் அண்ணனிடம் இருந்த அதே மூன்று சாமான்கள்தான். அமெரிக்காவிலும் விரல்கள் போயின, கண்கள் போயின, உயிர்களும் போயின.

இதற்குப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் தடை. பல மாநிலங்களில் பட்டாசுச் சட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைக் காட்டினார்கள், கண்டித்தார்கள். பெரியப்பா செய்ததும் அதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரத்தத்தில் நனைந்த மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். ஆனால் தடை போடும்போது ஆபத்து மட்டும் போவதில்லை, நோட்டும் சேர்ந்து போய்விடுகிறது.

4

இதற்கு இன்னொரு பதிலைக் கண்டுபிடித்தவர் ஒரு செருப்புக் கடைக்காரர்.

ஆர்வில் கார்லைல். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற சிறிய ஊரில் காலணிக் கடை வைத்திருந்தார். பொழுதுபோக்கு வாணவேடிக்கை. அதற்கு உரிமமும் வைத்திருந்தார். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானங்களில் ஆர்வம். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று கூட்டங்களில் விளக்கிச் சொல்வார். விளக்கும்போது காட்ட ஒரு பொருள் வேண்டும். 1954இல் ஆர்வில் அதற்காக ஒன்றைச் செய்து கொடுத்தார். பெயர் 'ராக்-எ-சூட்'. ராக்கெட், பாராசூட் இரண்டையும் சேர்த்த பெயர்.

பார்த்தால் தீபாவளி ராக்கெட்டின் தூரத்துச் சொந்தம் மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டு வித்தியாசங்கள். ஒன்று, மோட்டார் தனி. காகித உறைக்குள் மருந்து அடைத்த ஒரு சிறிய உருளை. எரிந்து முடிந்தால் அதை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். இரண்டு, ராக்கெட் திரும்பி வரும். உச்சிக்குப் போனதும் பாராசூட் விரித்து இறங்கும். தீபாவளி ராக்கெட் ஒரு தடவை போனால் போனதுதான், யார் வீட்டு மாடியில் விழுந்தது என்றுகூடத் தெரியாது. கார்லைலின் ராக்கெட்டை மறுநாளும் பறக்க விடலாம். 'விளையாட்டு ராக்கெட்' என்ற தலைப்பில் அதற்கு 1958இல் காப்புரிமை கிடைத்தது. எண் 2,841,084.

அந்தக் காலத்தில் ஜி. ஹாரி ஸ்டைன் என்பவர் பத்திரிகைகளில் ராக்கெட் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை செய்தவர். வேறு பெயரில் அறிவியல் புனைகதைகளும் எழுதியவர். பிள்ளைகள் தாங்களே மோட்டார் செய்வதில் உள்ள ஆபத்தைப் பற்றி ஸ்டைன் எழுதியதை கார்லைல் படித்தார். தான் செய்து வைத்திருப்பது இந்தப் பிரச்சினைக்குத்தான் விடை என்று அவருக்குப் பட்டது. 1957 ஜனவரியில், அதாவது ஸ்புட்னிக்குக்கு ஒன்பது மாதம் முன்பே, மாதிரிகளை ஸ்டைனுக்கு அனுப்பி வைத்தார். ஸ்டைன் அவற்றைப் பறக்க விட்டுப் பார்த்தார்.

ஸ்டைன் கொண்டுவந்து சேர்த்தது ஏவுதளத்தின் பழக்கங்களை. பெரிய ஏவுகணையைக் கையாளும் இடத்தில் யாரும் தைரியத்தை நம்புவதில்லை, வரிசையை நம்புவார்கள். யார் எங்கே நிற்க வேண்டும், யார் எண்ண வேண்டும், சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. பற்றவைத்தும் வெடிக்காத மருந்தின் அருகே உடனே போகக்கூடாது என்பது பீரங்கிக்காரர்களும் ஏவுதளக்காரர்களும் அடிபட்டுக் கற்ற பாடம். அணைந்ததுபோலத் தெரியும் நெருப்பு உள்ளே கனிந்துகொண்டிருக்கலாம். இந்தப் பழக்கங்களைப் பிள்ளைகளின் அளவுக்குச் சுருக்கி விதிகளாக எழுதினார் ஸ்டைன். அதே 1957இல் இந்தப் பொழுதுபோக்குக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார். 1959இல் டென்வரில் முதல் தேசியப் போட்டி நடந்தது.

இன்று அந்தச் சங்கத்தின் விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மோட்டாரை வீட்டில் செய்யாதே, ஆலையில் செய்ததை வாங்கு. அதைப் பிரிக்காதே. மூக்கு, உடம்பு, இறக்கை எதிலும் உலோகம் வேண்டாம். தீக்குச்சி, திரி கூடாது, மின்சாரத்தால் தூரத்திலிருந்து பற்றவை. சிறிய மோட்டார் என்றால் 15 அடி, பெரிய மோட்டார் என்றால் 30 அடி தள்ளி நில். கிளம்பவில்லை என்றால் 60 விநாடி காத்திரு. மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் விட்டுவிடு.

இதையெல்லாம் படித்தபோது ஒவ்வொரு வரியாக அண்ணன் கையை நினைத்துக்கொண்டேன். அவன் மீறாத விதி இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மீறுவதற்கு முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

5

விதியில் உலோகத்தை விலக்கியதற்குப் பின்னால் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. அது நம் ஊர்ப்பக்கத்துக் கதை.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தானின் மைசூர்ப் படை கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தது. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது அந்தத் தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம். மைசூர் ராக்கெட்டுகள்தான் அதைச் செய்தன என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ராக்கெட் அப்போதே உலகத்துக்குப் பழசு. மைசூர்க்காரர்கள் செய்த புதுமை மருந்தை இரும்புக் குழாயில் அடைத்ததுதான். காகித உறை தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். மருந்தை இன்னும் இறுக்கி அடைக்கலாம், ராக்கெட் இன்னும் தூரம் போகும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் பிரிட்டிஷ் படைக்கு ராக்கெட் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. 1814இல் பால்டிமோர் கோட்டை மீதும் அவை பாய்ந்தன. அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட் வருவது அதனால்தான்.

ராக்கெட்டை ஆயுதமாக்கியதில் இரும்புக்குப் பெரிய பங்கு. 150 வருடம் கழித்து அதை விளையாட்டுச் சாமானாக்க வேண்டும் என்றபோது கார்லைல் வாணக்காரர்களின் காகித உறையோடு நின்றுகொண்டார். காகிதம் பலவீனமானது. இங்கே அந்தப் பலவீனம்தான் காப்பாற்றுகிறது. ஏதாவது தப்பாகப் போனால் கிழியும், எரியும். இரும்பு மாதிரி துண்டு துண்டாகப் பறந்து வந்து சதையில் ஏறாது.

எங்கள் பெட்டியோடு வாங்கிய மோட்டாரின் மேல் A8-3 என்று எழுதியிருந்தது. மகளுக்கு விளக்குவதற்காக நான் முதலில் படித்தது இதைத்தான். A என்பது மொத்த உந்தத்தின் அளவு. ஒவ்வொரு எழுத்து தாண்டும்போதும் அந்த வரம்பு இரட்டிப்பாகும். B என்றால் A போல இரண்டு மடங்கு, C என்றால் நான்கு மடங்கு. 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 3 என்பது விநாடி. மருந்து எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளுவதற்கு முன் எத்தனை விநாடி காத்திருக்கும் என்பதைச் சொல்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? அடியில் களிமண்ணில் செய்த குறுகிய வாய். அதற்கு மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து, சுமார் 3 கிராம். அது ஒரு விநாடிக்குள் எரிந்து முடிந்துவிடும். அதற்கு மேல் உந்துவிசை தராமல் புகையை மட்டும் விட்டபடி மெதுவாக எரியும் ஓர் அடுக்கு. அந்த நேரத்தில் ராக்கெட் ஏற்கெனவே இருக்கும் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும். அந்த அடுக்கு தீர்ந்ததும் கடைசியாக ஒரு சிட்டிகை மருந்து பட்டென்று பற்றும். மோட்டாரிலிருந்து மேல்பக்கமாக வரும் அந்தக் காற்று குழாய்க்குள் புகுந்து மூக்கைக் கழற்றி, பாராசூட்டை வெளியே தள்ளும். பாராசூட் கருகாமல் இருக்க, தீப்பிடிக்காத மெல்லிய தாளைக் கசக்கி இடையில் வைக்க வேண்டும். சினிமா டிக்கெட் அளவுக் காகிதத்தில் எழுதிவிடக்கூடிய சங்கதிதான். ஆனால் காத்திருப்பதையே ஒரு பாகமாகச் செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு ஆச்சரியம்.

மற்றதெல்லாம் நம் கைவேலை. பால்சா மரத்தின் ரேகை இறக்கையின் முன்விளிம்போடு இணையாக ஓட வேண்டும், மாற்றி ஒட்டினால் தரையிறங்கும்போது ஒடிந்துவிடும். இறக்கைகள் நேராக நிற்க வேண்டும். எடையின் மையம் முன்னாலும், காற்று அழுத்தும் மையம் பின்னாலும் இருந்தால்தான் ராக்கெட் மூக்கு மாறாமல் போகும். தீபாவளி ராக்கெட்டின் நீளக் குச்சி செய்வதும் இதே வேலைதான். காற்றழுத்த மையத்தைக் கணக்கிடும் முறையை 1960களின் நடுவில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு எளிமையாக்கிக் கொடுத்தவர் ஜேம்ஸ் பாரோமேன் என்ற நாசா பொறியாளர். கணக்கு வேண்டாம் என்றால், எடை சமமாக நிற்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கலாம். மூக்கு முன்னால் பார்த்துச் சுற்றினால் பறக்க விடலாம். மகள் வரவேற்பறையில் சுற்றியதில் ஒரு பூச்சாடி போயிற்று.

பையன்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது இந்தப் பாகங்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது. வடிவம், கணக்கு, ஒட்டுவது, எண்ணுவது, அண்ணாந்து பார்ப்பது. மருந்து இதில் ஒரே ஒரு பாகம். அதை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட முடியும் என்று நார்ஃபோக் கடைக்காரர் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

6

பிரித்து எடுத்த மருந்து எங்கே போனது? அதையும் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

ஸ்டைனும் வேறு சிலரும் டென்வரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அமெரிக்காவின் முதல் மாதிரி ராக்கெட் கம்பெனி அது. மோட்டார்களை வாணவேடிக்கை ஆலை ஒன்றிடம் வாங்கினார்கள். கையால் அடைப்பதில் ஒன்று போல ஒன்று இருக்காது, நேரத்துக்கும் வந்து சேரவில்லை. அப்போதுதான் ஸ்டைன் அந்தப் பகுதி வாணக்காரர் ஒருவரின் மகனைத் தேடிப் போனார். பெயர் வெர்னான் எஸ்டஸ். 1958இல் எஸ்டஸ் தன் கம்பெனியைத் தொடங்கி, மோட்டார் அடைக்க ஒரு இயந்திரத்தைச் செய்தார். அதற்கு 'மேபல்' என்று செல்லப்பெயர். ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் அடைக்கும் என்பார்கள். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 650க்கு மேல். ஸ்டைனின் கம்பெனிக்கு அவ்வளவு தேவைப்படவே இல்லை. அந்தக் கம்பெனி தள்ளாடியது. எஸ்டஸ் மோட்டார்களைத் தானே விற்க ஆரம்பித்தார், 1960இல் ராக்கெட் பெட்டிகளையும் விற்றார். மறு ஆண்டு கொலராடோவிலேயே பென்ரோஸ் என்ற சிற்றூருக்கு ஆலையை மாற்றினார். நாங்கள் ஒட்டிய 'ஆல்ஃபா' என்ற ராக்கெட் 1960களிலிருந்து அந்தக் கம்பெனி விற்பது.

ஆபத்து எங்கும் மறைந்துவிடவில்லை. ஆயிரம் கொல்லைப்புறங்களில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி ஓர் இடத்தில் சேர்த்து, அதை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகள் பத்திரமாக இருப்பதற்கான விலை அது. கோவில்பட்டிக்காரியான என்னால் இதை லேசாகக் கடந்து போக முடியவில்லை. எங்கள் பக்கம் அதே கருமருந்தை இன்றும் மனிதக் கைகள்தான் பெரும்பாலும் அளக்கின்றன, அடைக்கின்றன, திரி சொருகுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு ஊருக்குப் போன் போட்டபோது அண்ணன், "யாரோ எங்கயோ கொளுத்தறதுக்கு இங்க ஒருத்தன் கையை வைக்கணும்" என்றான். மோட்டாரை வாங்கிச் செருகும்போதெல்லாம் அந்த வார்த்தை ஞாபகம் வருகிறது. 15 அடி, 30 அடி என்று பிள்ளைக்குக் கொடுத்த தூரத்தை மருந்து அடைப்பவருக்கும் கொடுத்தால்தான் அந்தக் கண்டுபிடிப்பு முழுமையாகும்.

7

மகள் 60 எண்ணி முடித்தாள். சாவி என் கையிலேயே இருக்க, நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மோட்டார் வாய்க்குள் செருகும் இக்னைட்டர் என்ற மெல்லிய கம்பி மருந்தைத் தொடாமல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டு அழுத்திச் செருகிவிட்டு வந்தேன். திரும்பவும் சாவியைப் போட்டோம். ஐந்திலிருந்து எண்ணினாள்.

சத்தம் 'ஷ்ஷ்' என்று ஒரு கிழிசல், அவ்வளவுதான். பார்வை மேடையை விட்டுத் திரும்புவதற்குள் அது மேலே ஒரு புள்ளியாகிவிட்டது. வெள்ளைப் புகை ஒரு கோடு. முந்நூறு அடி இருக்கலாம். பிறகு அந்த மூன்று விநாடி. ராக்கெட் எங்கே என்று தெரியவில்லை, வானம் காலியாக இருந்தது. நான் மூச்சு விடவில்லை. 'பட்' என்று மெல்லிய சத்தம் கேட்டு, ஆரஞ்சு நிறத்தில் பாராசூட் விரிந்தது. மகள் காய்ந்த புல்லில் விழுந்தடித்து ஓடினாள். இந்த முறை நான் தடுக்கவில்லை. அன்று அதை நான்கு தடவை பறக்க விட்டோம்.

அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது ராக்கெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். மோட்டாரை விமானத்தில் கொண்டுவரக் கூடாது. அதனால் வெறும் கூடுதான். ராத்திரி அண்ணன் கடை சாத்திவிட்டு வந்த பிறகு திண்ணையில் வைத்து அவனிடம் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். இறக்கையின் ஒட்டை நகத்தால் தடவினான். "மருந்து எங்கட்டி?" என்றான்.

"அது கடையில வாங்கறதுண்ணே. நாம பிரிக்கவே கூடாது. இதுல செருகிட்டு, தள்ளி நின்னு கரண்ட்ல பத்த வைக்கணும்."

"கிளம்பலைன்னா?"

60 விநாடியைச் சொன்னேன். எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "அப்ப நாங்க பண்ணதுல தப்பு அதுதானா" என்றான். கேள்வியா, சும்மா சொன்னானா என்று தெரியவில்லை. குழாய் இரும்பு, மருந்து என்ன மருந்து என்றே தெரியாது, திரி என்று பட்டியல் போடலாம். போடவில்லை. அதற்குப் பதிலாக முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கு அணைஞ்சிருச்சுன்னு நான்தாம்ணே சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். "நீ எப்பச் சொன்ன? நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போனேன். ஒம்பது வயசுப் பிள்ளை சொல்லித்தான் நான் போவேனாக்கும்." உண்மையாகவே காதில் விழவில்லையா, எனக்காகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி கேட்கவும் இல்லை.

பிறகு, "பாராசூட் எப்படி வெளிய வருது, காட்டு" என்றான். மோட்டார் செருகும் ஓட்டையைக் காட்டி, உள்ளேயிருந்து காற்று தள்ளும் என்றேன். மூன்று விரல் கையால் குழாயைப் பிடித்து, அந்த ஓட்டையில் வாயை வைத்துப் பலமாக ஊதினான். 'டொப்' என்று மூக்கு கழன்று போய் வாசல்படியில் விழுந்தது. பின்னாலேயே பாராசூட்டும் வந்தது. உள்ளேயிருந்து பெரியம்மா "என்னடா சத்தம்" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றான். மூக்கை எடுத்துத் திரும்பச் சொருகி, இன்னொரு தடவை ஊதினான்.